காரணம் கேட்கமாட்டார்கள்

2024 செப்டெம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் மதுரையிலிருந்து சென்னைக்கு வைகை எக்ஸ்பிரஸில் வந்துகொண்டிருந்தேன். அடுத்த இருக்கையில் இருபத்தாறு, இருபத்தேழு வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர். மடியில் மலிவான தாளில் அச்சிட்ட ஓர் ஏடு. அட்டையில் "நடப்பு நிகழ்வுகள் – ஆகஸ்ட் 2024" என்றிருந்தது. திண்டுக்கல் தாண்டும்வரை அவர் அதைப் படிக்கவில்லை. மந்திரம் போல முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தேநீர் விற்பவரிடம் நான் பேசிய தமிழைக் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்.

"சார் சிலோனா?"

ஆமென்றேன். முகம் மலர்ந்தது. "2023 மார்ச் 20. ஐ.எம்.எஃப். கடன். 290 கோடி டாலர், 48 மாசம். சரியா சார்?"

சரிதான். நாளும் சரி, தொகையும் சரி, தவணைக் காலமும் சரி. எங்கள் நாட்டின் வங்குரோத்து அவருடைய ஏட்டில் ஒரு வரி. எரிபொருள் வரிசையில் நின்றபடியே முதியவர்கள் விழுந்து இறந்தது அந்த வரியில் இல்லை. கடதாசி இறக்குமதி செய்ய டொலர் இல்லாததால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதும், கொழும்பில் இரு நாளிதழ்கள் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடாமல் விட்டதும் இல்லை. வேறொரு நாட்டுப் பரீட்சைக்கு அவையெல்லாம் எதற்கு என்று கேட்பீர்களாயின், நியாயமான கேள்விதான். ஆனால் ஏட்டை வாங்கிப் புரட்டியபோது, அவருடைய சொந்த நாட்டுக்கும் அதே மரியாதைதான் கிடைத்திருந்தது.

போட்டிப் பரீட்சைகளுக்கான "நடப்பு நிகழ்வுகள்" என்ற பாடம் இந்தியாவில் எத்தனை பேரின் இளமையைத் தின்கிறது என்பதை வெளியில் இருக்கும் நாம் சரியாக உணர்வதில்லை. 2023ஆம் ஆண்டின் குடிமைப் பணிகள் பரீட்சைக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். முதனிலைத் தேர்வில் அமர்ந்தவர்கள் ஐந்து இலட்சத்து தொண்ணூறாயிரத்துக்கும் மேல். இறுதியில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,016 பேர். இது மேல்தட்டு. தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் ஆகிய பணிகளுக்கான குரூப் 4 பரீட்சை 2024 யூன் 9 அன்று நடந்தபோது, அறிவிக்கப்பட்டிருந்த இடங்கள் 6,244; விண்ணப்பித்தவர்கள் இருபது இலட்சத்துக்கும் அதிகம். என் பக்கத்து இருக்கைக்காரரும் அந்த இருபது இலட்சத்தில் ஒருவர். முடிவு அப்போது வெளியாகியிருக்கவில்லை.

இருபது இலட்சம் பேர் மாதாமாதம் செய்தி வாசிக்கிறார்கள் என்றால் பத்திரிகைக்காரனாகிய நான் மகிழவேண்டும். ஜனநாயகத்துக்கு இதைவிட நற்செய்தி ஏது? ஆனால் இவர்கள் செய்தி வாசிக்கவில்லை. செய்தியைக் கொன்று, தோலுரித்து, எலும்பை மட்டும் எண்ணிக் கொள்கிறார்கள். அப்படிச் செய்யும்படி அவர்களைப் பழக்கியது பரீட்சை என்பதே என் குற்றச்சாட்டு. குற்றம் அந்தப் பிள்ளைகளுடையதன்று.

ஓர் உதாரணம். 2016 நவம்பர் 8 இரவு, இந்தியாவில் புழக்கத்திலிருந்த பணத்தின் பெறுமதியில் 86 சதவீதமளவு செல்லாக் காசாக்கப்பட்டது. அந்த நிகழ்விலிருந்து பயிற்சி ஏடுகள் பிழிந்தெடுத்த சாறு என்ன தெரியுமா? புதிய 2,000 ரூபாத் தாளின் பின்புறம் மங்கள்யான், 500இல் செங்கோட்டை, 200இல் சாஞ்சி ஸ்தூபி, 50இல் ஹம்பி. தாளின் நிறம்கூட மனனம். மதிப்பிழந்த தாள்களில் 99.3 சதவீதம் வங்கிகளுக்கே திரும்பி வந்துவிட்டது என்று ரிசர்வ் வங்கி 2018 ஓகஸ்டில் தன் ஆண்டறிக்கையில் ஒப்புக்கொண்டது. கறுப்புப் பணம் திரும்பாது, அழிந்துபோகும் என்ற வாதத்துக்கு அந்த ஒற்றை எண் என்ன செய்தது என்பதல்லவா நடப்பு விவகாரம்? பொருளாதாரம் படிக்காத ஒரு கிராமத்துப் பிள்ளைக்கும் அதைப் பத்து நிமிடத்தில் விளக்கலாம். ஆனால் மங்கள்யானுக்கு மதிப்பெண் உண்டு, 99.3க்கு இல்லை. 2023 மே மாதத்தில் அந்த 2,000 ரூபாத் தாளையே மீளப்பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. மங்கள்யானும் போயிற்று. மனனம் செய்தவருடைய மண்டையில் மட்டும் அது இன்னும் பறந்துகொண்டிருக்கும்.

இன்னோர் உதாரணம் என்னை அதிகம் உறுத்துவது. 2023 மே 28. இந்தியாவின் எந்தப் போட்டிப் பரீட்சார்த்தியை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அன்று என்ன நடந்தது என்பதைச் சொல்வார். புதிய பாராளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. முக்கோண வடிவம். மக்களவையில் 888 ஆசனங்கள், மாநிலங்களவையில் 384. கட்டடக் கலைஞர் பிமல் பட்டேல். சபாநாயகர் ஆசனத்தருகே செங்கோல். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அந்தச் செங்கோலில் இன்னும் இரண்டு, மூன்று உபகேள்விகள் உண்டு.

அதே நாளில், அதே புதுடில்லியில், ஜந்தர் மந்தரிலிருந்து அந்தக் கட்டடத்தை நோக்கி நடக்க முயன்ற மல்யுத்த வீராங்கனைகளைப் பொலிஸார் தெருவில் இழுத்துச் சென்றனர். சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டுகளை முன்வைத்து, அவரைக் கைதுசெய்யும்படி கோரி வாரக்கணக்காகத் தெருவில் இருந்தவர்கள் அவர்கள். உலகச் சம்பியன்ஷிப் பதக்கங்களையும் ஒலிம்பிக் பதக்கத்தையும் கொண்டுவந்த பெண்கள். வினேஷ் போகாட் அவர்களில் ஒருவர்.

இளைஞரின் ஏட்டில் வினேஷ் போகாட் இருந்தார். பாரிஸ் ஒலிம்பிக், 50 கிலோ பிரிவு, 100 கிராம் கூடுதல் எடை, தகுதிநீக்கம், விளையாட்டுக்கான நடுவர் மன்றம் மேன்முறையீட்டை நிராகரித்த நாள் ஓகஸ்ட் 14. நான்கு வரிகளும் பிழையற்றவை. 100 கிராம் வரை நுணுக்கமாக நிறுத்த அந்த ஏட்டுக்கு, அவர் பதினைந்து மாதங்களுக்கு முன் தெருவில் கிடந்த எடை தெரியவில்லை. பாராளுமன்றத்தின் ஆசனங்களை எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு, அது திறக்கப்பட்ட நாளில் அதன் வாசலை நெருங்க விடப்படாதவர் யார் என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் அதற்கு மதிப்பெண் இல்லை.

அவருடைய ஏட்டில் பங்களாதேஷும் இருந்தது. ஷேக் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறியது ஓகஸ்ட் 5. முஹம்மத் யூனுஸ் இடைக்கால அரசின் தலைவரானது ஓகஸ்ட் 8. அவருக்கு நோபல் பரிசு கிடைத்த ஆண்டு 2006. அந்த ஆட்சி ஏன் கவிழ்ந்தது? அரச உத்தியோகத்துக்கான ஒதுக்கீடு நியாயமற்றது என்று அரச உத்தியோகத்துக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் வீதியில் இறங்கியதில் தொடங்கியது அது. அரச உத்தியோகத்துக்குப் படித்துக்கொண்டிருக்கும் இன்னொரு பிள்ளை அதைத் தேதியாக மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தது.

கடைசிப் பகுதியில் "முக்கியச் சட்டங்கள்" என்று சில பக்கங்கள். அங்கேதான் நான் நின்றுவிட்டேன். பொதுத் தேர்வுகள் முறைகேடு தடுப்புச் சட்டம், 2024. குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெப்ரவரி 12. நடைமுறைக்கு வந்தது யூன் 21. சிறை 3 முதல் 5 ஆண்டு, அபராதம் 10 இலட்சம் ரூபா வரை. கூட்டாகத் திட்டமிட்டுச் செய்தால் சிறை 5 முதல் 10 ஆண்டு, அபராதம் ஒரு கோடிக்குக் குறையாதது. எல்லாவற்றையும் இளைஞர் மஞ்சள் மையால் தீட்டி வைத்திருந்தார். பார்க்காமலே ஒப்புவித்தார்.

"இந்தச் சட்டம் ஏன் வந்தது, தம்பி?"

"காரணம் கேக்க மாட்டாங்க சார். வருஷம், தண்டனை, அபராதம். அவ்வளவுதான்."

வினாத்தாள் திருட்டால் பாதிக்கப்படுகிற வர்க்கம் இவர். அந்தத் திருட்டுக்கு எதிரான சட்டத்தை மனனம் செய்தால் இவருக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கலாம். பெப்ரவரி 17, 18ஆம் திகதிகளில் உத்தரப்பிரதேசத்தில் 60,244 பொலிஸ் கொன்ஸ்டபிள் இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தவர்கள் ஏறத்தாழ 48 இலட்சம் பேர். வினாத்தாள் வெளியாகி, 24ஆம் திகதி பரீட்சை ரத்தானது. ஓகஸ்ட் கடைசியில் மறுபடி. யூன் 18 அன்று ஒன்பது இலட்சம் பேர் எழுதிய விரிவுரையாளர் தகுதிப் பரீட்சை மறுநாளே ரத்து. அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் பாராளுமன்றம் பெப்ரவரியில் நிறைவேற்றியிருந்த இந்தச் சட்டம் அவசர அவசரமாக அமுலுக்கு வந்தது. நான்கு மாதம் அது எங்கே உறங்கியது? இதுவும் "கேக்க மாட்டாங்க" வகையைச் சேர்ந்த வினா.

இன்னொன்று கேட்டேன். "இது குரூப் 4க்குப் பொருந்துமா?"

அவர் ஏட்டைப் புரட்டினார். இல்லை, ஏட்டில் அது இல்லை. மத்திய தேர்வாணையங்கள், ரயில்வே, வங்கிப் பணியாளர் தெரிவு, தேசியத் தேர்வு முகாமை போன்ற மத்திய நிறுவனங்களின் பரீட்சைகளையே அந்தச் சட்டத்தின் அட்டவணை குறிப்பிடுகிறது. மாநிலத் தேர்வாணையங்கள் அதில் இல்லை. 2019 செப்டெம்பரில் நடந்த இதே குரூப் 4 பரீட்சையில் இராமேஸ்வரம், கீழக்கரை நிலையங்களில் மறைந்துபோகும் மையால் விடைத்தாள்கள் தில்லுமுல்லு செய்யப்பட்டதும், 99 பேர் வாழ்நாள் தடைக்கு உள்ளானதும் 2020 ஜனவரியில் வெளியான கதை. அந்த நிலையங்களில் எழுதியவர்களோடு போட்டியிட்டவர்கள் இவருடைய அண்ணன்மார். தன்னைக் காக்காத சட்டமொன்றின் அபராதத் தொகையைத் தன் எதிர்காலத்துக்காக அவர் மனனம் செய்திருக்கிறார். நான் சொல்லி முடித்ததும் அவர் ஒன்றும் பேசவில்லை. மஞ்சள் தீட்டிய பக்கத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பக்கத்தைத் திருப்பினார். வேறென்ன செய்வார்?

தேர்வாணையங்கள் ஏன் இவ்வாறு கேட்கின்றன? சோம்பல் ஒரு பகுதி. ஆனால் முக்கிய காரணம் பயம் என்றே நினைக்கிறேன். பரீட்சை முடிந்ததும் தற்காலிக விடைக்குறிப்பு வெளியாகிறது, ஆட்சேபனைகள் வருகின்றன, வழக்குகள் போடப்படுகின்றன. ஒரு வினாவின் விடையில் தகராறு என்றால் இலட்சக்கணக்கானோரின் தரவரிசை ஆடும். "எந்த நாள்" என்று கேட்டால் தகராறில்லை. "எந்த ஊரில்" என்றாலும் இல்லை. "எதனால்" என்று கேட்டால் நீதிமன்றம் வரை போகவேண்டிவரும். நீதிமன்றத்தைவிட இன்னொரு சங்கடமும் உண்டு. மத்திய ஆணையத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் குடியரசுத் தலைவரும், மாநில ஆணையத்தினரை ஆளுநரும் நியமிக்கிறார்கள். அதாவது நடைமுறையில் ஆட்சியிலிருப்போர் நியமிக்கிறார்கள். அரசின் அறிவிப்பையே வினாவாக்கினால் எவர் மனமும் நோகாது.

ஆகவேதான் அந்த ஏடுகளின் பெரும்பகுதி அரசுத் திட்டங்களின் பட்டியலாக இருக்கிறது. திட்டம் தொடங்கிய நாள் வினாவாகும். திட்டம் முடங்கிய நாள் வினாவாகாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1881 முதல் பத்தாண்டுக்கொரு தடவை தவறாமல் நடந்துவந்த கணக்கெடுப்பு 2021இல் நடக்கவில்லை. கொரோனா முதலில் காரணமாயிற்று. பிறகு காரணமே சொல்லப்படவில்லை. 2025 யூன் 16 அன்று, 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு கணக்கெடுப்பு நடக்கும் என்று அறிவித்தல் வந்தது. உடனே அது "நடப்பு நிகழ்வு" ஆயிற்று. நடக்காமல் இருந்த ஆண்டுகள் நிகழ்வில் சேர்த்தியில்லை. ஒரு நாட்டில் எதுவும் நடக்காமல் போவதுதான் பெரும்பாலும் பெரிய செய்தி என்பது பத்திரிகைத் தொழிலில் முப்பது வருடம் இருந்தவனுக்குத் தெரியும்.

இனி எதிர்வாதம். பல நண்பர்கள் சொல்வார்கள், நானும் மதிக்கிற வாதம் அது: கொள்குறி வினாதான் ஏழையின் பாதுகாப்பு. இயந்திரம் திருத்துகிறது, சாதி பார்க்காது, ஆங்கில உச்சரிப்புக் கேட்காது, யாருடைய மகன் என்று விசாரிக்காது. உண்மை. பாராளுமன்ற உறுப்பினரின் கடிதத்துண்டு ஒன்றோடு போய் அரச வேலை பெறுகிற வழக்கம் எத்தனை தலைமுறையைப் பாழாக்கியது என்பதை இலங்கையன் ஒருவனுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அந்த இயந்திரத்தை நான் வணங்குகிறேன். ஆனால் இயந்திரம் திருத்துவதற்கு வினா மூடத்தனமாக இருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. "கூற்று – காரணம்" என்ற வடிவம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அத்துபடி. புவியியலிலும் விஞ்ஞானத்திலும் அதைப் போட்டுக் கேட்கிறார்கள். பருவக்காற்றுக்குக் காரணம் உண்டாம், பண மதிப்பிழப்புக்குத்தான் இல்லையாம்! மத்திய ஆணையத்தின் முதனிலை வினாத்தாள் சில ஆண்டுகளாக வெறும் பெயர்-நாள் வினாக்களிலிருந்து விலகி வந்திருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். இயலும் என்பதற்கு அதுவே சான்று.

கிராம நிர்வாக அலுவலராகப் போகிறவருக்கு ஜி-7 மாநாடு இத்தாலியின் அபுலியாவில் நடந்தது எதற்கு என்று கேலி செய்வது எளிது. நான் அந்தக் கேலியைச் செய்யமாட்டேன். கிராம அலுவலரும் உலகறிந்தவராக இருக்கட்டும். ஆனால் அவர் மேசைக்கு நாளை பட்டா மாறுதலுக்காக ஒரு விதவை வருவார். வெள்ள நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்ட ஒருவர் வருவார். பெயர் ஏன் விடுபட்டது என்று கேட்கிற பழக்கம் அவருக்கு வேண்டும். ஐந்தாறு வருடம் "காரணம் கேக்க மாட்டாங்க" என்றே பயிற்றப்பட்டவர், அந்த வினாவை எங்கிருந்து கொண்டுவருவார்?

"மேல்நிலைப் பரீட்சையில் விரிவாக எழுதச் சொல்கிறார்களே" என்பார்கள். ஆம், குடிமைப் பணிகளின் முதன்மைத் தேர்வில் பொது அறிவுத் தாள் ஒன்றுக்கு மூன்று மணி நேரத்தில் இருபது வினாக்கள்; ஒவ்வொன்றுக்கும் 150 அல்லது 250 சொற்கள். ஒன்பது நிமிடத்துக்கு ஒரு தேசியப் பிரச்சினை. பயிற்சி நிலையங்கள் – எங்களூர் பாஷையில் ரியூட்டரிகள் – இதற்கும் அச்சு வார்த்துவிட்டன: முன்னுரை, மூன்று காரணம், மூன்று விளைவு, கடைசியில் தவறாமல் "முன்னோக்கிய வழி". மணிப்பூர் எரிந்தாலும் முன்னோக்கிய வழி நாற்பது சொற்களில் உண்டு. அந்தப் பயிற்சித் தொழிலின் நிலத்தடி எப்படியிருந்தது என்பதை 2024 யூலை 27 காட்டியது. டில்லி பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி நிலையத்தின் நிலக்கீழ் நூலகத்துள் மழைவெள்ளம் புகுந்து, படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் மூழ்கி இறந்தனர். இளைஞரின் ஓகஸ்ட் ஏட்டில் அதைத் தேடினேன். இல்லை.

இவ்வளவையும் நான் அந்த இளைஞரிடம் ஏறத்தாழச் சொன்னேன், விழுப்புரம் தாண்டியிருக்கும். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பேப்பர்ல மட்டும் காரணம் இருக்கா சார்? நீங்களும் யார், எப்போ, எங்கேன்னுதானே போடுறீங்க."

எனக்கு வலித்தது. ஏனெனில் தொண்ணூறுகளில் இளம் உதவி ஆசிரியனாக இருந்தபோது, வாரப் பதிப்பின் "பொது அறிவு" மூலையை நிரப்புவது என் வேலை. தலைநகரங்கள், நாணயங்கள், நீளமான நதி. ஒரு வாரம் யாழ்ப்பாணப் பொது நூலகம் பற்றி இரண்டு வினாக்கள் எழுதியிருந்தேன்: எந்த ஆண்டு திறக்கப்பட்டது, எந்த ஆண்டு எரிக்கப்பட்டது. மேலதிகாரி இரண்டாவதை வெட்டினார். "பொது அறிவுக்கு முதலாவது போதும்" என்றார். 1959 அச்சேறியது, 1981 குப்பைக்கூடைக்குப் போயிற்று. நான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அத்தகைய வினாக்களை நானே எழுதாமல் விட்டேன், யாரும் வெட்டவேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த மூலைதான் பத்திரிகையில் மாணவர்கள் அதிகம் கத்தரித்து ஒட்டிவைத்த பகுதி என்று பின்னாளில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

எழும்பூரில் இறங்கும்போது மின்னஞ்சல் முகவரி கேட்டு வாங்கிக்கொண்டார். குரூப் 4 முடிவுகள் ஒக்டோபர் இறுதியில் வெளியாகின. சில நாட்களில் அவரிடமிருந்து இரண்டு வரி வந்தது. "வரலை சார். குரூப் 2 ரிசல்ட் இன்னும் இருக்கு." அதன் கீழே ஒரு வினா: எங்கள் நாட்டின் புதிய ஜனாதிபதி பதவியேற்றது செப்டெம்பர் 21ஆ, 23ஆ? இரண்டு ஏடுகளில் இரண்டு விதமாக இருக்கிறதாம்.

21 வாக்களிப்பு நாள், 23 பதவியேற்பு என்று தொடங்கி, மூன்று சதவீத வாக்கே வாங்கியிருந்த ஒருவர் ஐந்தாண்டில் எப்படி அந்தக் கதிரைக்கு வந்தார் என்று நான்கு பந்திகள் எழுதினேன். பிறகு அவற்றை அழித்துவிட்டு, "23" என்று மட்டும் அனுப்பினேன்.